படிவத்தில் அக்கா வீட்டு முகவரி

ஆஸ்பத்திரியில் முதல் நாள் கொடுத்த படிவத்தில் என் முகவரி பொய். எழுதியது என் அக்கா மாதம்மா. கையெழுத்துப் போட்டது நான். அதற்குப் பிறகு ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கதிர் வைப்பது என்று எத்தனையோ நடந்தது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் எது உன்னை அதிகமாக வதைத்தது என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு வரி முகவரியைத்தான் சொல்வேன்.

இப்போது சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். அடுத்த முறை என்ன சொல்வார்களோ என்ற பயம் இப்போதே தொடங்கிவிட்டது. அது முற்றுவதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்களைப் போல ஓசூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

சொந்த ஊர் பாரூர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஆயில் சீல் செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. ஆயில் சீல் என்றால் வண்டி இன்ஜினில் எண்ணெய் கசியாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வளையம். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் விளக்குக்குக் கீழே வைத்து அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. மயிரளவு மேடு இருந்தாலும் என் விரல் சொல்லிவிடும். அப்படிப்பட்ட விரல், என் இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருந்ததை ஐந்து மாதம் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டிருந்தது. குளிக்கும்போது அந்த இடத்துக்கு மட்டும் சோப்பைச் சீக்கிரமாகப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பயந்தவர்கள் டாக்டரிடம் ஓடுவார்கள் என்று நினைக்காதீர்கள். என்னை மாதிரி பயந்தவர்கள் ஓடி ஒளிவார்கள்.

என் வீட்டுக்காரர் முனிராஜ், கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். ஒரு நாள் நான் கையைத் தூக்கித் துணி காயப் போடும்போது முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னா அங்க?"

"ஒண்ணுமில்ல. சுளுக்கு."

"சுளுக்குக்கு எதுக்குக் கண்ணு கலங்குது? கெளம்பு."

ஓசூரில் ஒரு லேடி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மேமோகிராம் எடுக்கச் சொன்னார். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பை அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே அது. வலி இரண்டு நிமிஷம்தான், தாங்கலாம். பிறகு பயாப்ஸி. அதாவது தடித்த ஊசியை விட்டுக் கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த எட்டு நாளும் கம்பெனியில் நான் தடவிப் பார்த்த ஒவ்வொரு வளையத்திலும் ஏதோ தட்டுப்படுகிற மாதிரியே இருந்தது. நல்ல பீஸையெல்லாம் கழிவு போடும் சிவப்பு டப்பாவில் போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

"கேன்சர்தான்மா. ரெண்டாவது ஸ்டேஜ். இன்னும் தூரம் போவல. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா ஆயிடலாம்," என்றார் டாக்டர். ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கான கணக்கு. நான்காவதுதான் கடைசி. அவர் நல்லா ஆயிடலாம் என்று சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. நான்கில் இரண்டு என்றால் பாதி என்பதுதான் மனசில் நின்றது.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்களுக்குப் பெங்களூர்தான். அக்கா அங்கே பொம்மனஹள்ளியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறாள். பதிவு செய்கிற கவுன்டரில் படிவத்தை என் கையிலிருந்து அவள்தான் பிடுங்கினாள்.

"ஓசூர்னு எழுதாத. உங்க ஊர்லயே பாத்துக்கோங்கன்னு திருப்பி அனுப்பிருவாங்க. இங்க இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல. எங்க அட்ரஸையே போடறேன், நீ வாயத் தெறக்காத."

அவள் கன்னடத்தில் மளமளவென்று எழுதினாள். நான் கையெழுத்தைப் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இது அக்கா கண்டுபிடித்த வழி இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். மச்சான் வீடு, தம்பி வாடகைக்கு இருக்கும் ரூம் என்று யாருடைய முகவரியாவது ஒன்று பையில் இருக்கும்.

காத்திருக்கும் ஹாலில் பெஞ்சு கொள்ளாமல் ஆட்கள். சுவரோரம் பெட்ஷீட் விரித்துப் படுத்திருந்தார்கள். நாக்கில் வந்தவர், தொண்டையில் வந்தவர், வயிற்றில் வந்தவர். என்னை விட இருபது வயது சின்னப் பெண் ஒருத்தி தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். உலகத்தில் இந்த நோய் வராதவர்கள் இனி யாரும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

ஆபரேஷன் நான் பயந்த அளவுக்கு இல்லை. மார்பு முழுவதையும் எடுக்கவில்லை, கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் அக்குளில் சில நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அடுத்து கீமோ. மிச்சம் மீதி எங்காவது இருந்தால் கொல்வதற்காக, கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து அது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை. முதல் நாள் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளை அணு போதுமான அளவு இருந்தால் மறுநாள் போய் மருந்து. இரண்டு நாளும் விடியும் முன் கிளம்பி, அத்திப்பள்ளி எல்லை நெரிசலில் நின்று, வாந்தியை அடக்கிக்கொண்டு போய் வர வேண்டும். அக்கா வீட்டில் தங்கலாம் என்றால் ஒரே அறையில் ஐந்து பேர். முனிராஜ் வேனுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டுக் கூடவே வந்தார். பஸ் கம்பியில் என் தலை இடிக்காமல் இருக்கத் தன் ஜெர்கினை மடித்து ஜன்னலோரம் வைப்பார். ராகிக் கஞ்சியை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்து, குடிக்கிறாயா என்று கேட்காமல் மூடியைத் திறந்து நீட்டுவார். முடி கொட்டித் தீர்ந்த அன்றைக்கு மட்டும், "இனிமே கண்ணாடிய நான் தனியா வெச்சிக்கலாம்," என்று சொல்லிவிட்டார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இரண்டாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் நீளமான தாள்கள். ரூபா என்று பெயர் சொன்னாள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை.

"பச்சையம்மா. வயசு நாப்பத்தி மூணு. சரியா?"

"சரிங்க."

"இந்த பொம்மனஹள்ளி அட்ரஸ்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஊசி இருந்த கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். முனிராஜ் மருந்துப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு வருஷங்க."

"அதுக்கு முன்னாடி?"

"பாரூருங்க. கிருஷ்ணகிரிப் பக்கம்."

ஓசூரில் இருந்த பதினாறு வருஷத்தை ஒரே வாயில் விழுங்கினேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, "ஹெதரபேடி அம்மா, பயப்படாதீங்க. இது கணக்குக்குத்தான்," என்றாள்.

"என்னா கணக்குங்க?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னாள். இந்த நகரத்தில் ஒவ்வொரு வருஷமும் புதிதாக எத்தனை பேருக்குக் கேன்சர் வருகிறது, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போய் எழுதி வைக்கிறார்களாம். ஒரு வருஷத்துக்கு மேலாக இங்கேயே குடியிருப்பவர்களை மட்டும்தான் அதில் சேர்ப்பார்களாம். வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சேர்க்க மாட்டார்களாம்.

"வெளிய கூட்டத்தப் பாத்தா எல்லாருக்குமே வந்துட்ட மாதிரி இருக்குதுங்களே," என்றேன்.

"கூட்டத்தப் பாத்துச் சொல்ல முடியாதும்மா. அதுல ரொம்பப் பேரு வெளியூரு. சிட்டில ஜனமும் ஜாஸ்தி ஆயிடுச்சு. அதனால லட்சம் பேருக்கு எத்தனை பேருன்னு பாப்போம். வயசானவங்க நெறைய இருந்தா நோயும் ஜாஸ்தி தெரியும், அதையும் கழிச்சுப் பாப்போம். எல்லாம் கழிச்சாலும் பொம்பளைங்களுக்கு மார்புல வர்றது ஏறிக்கிட்டேதான் இருக்கு. கர்ப்பப்பை வாயில வர்றது எறங்கிட்டு வருது."

"ஏன் அப்படி?"

"ஒரு காரணம் இல்ல. கொழந்த லேட்டா பெத்துக்கறது, எடை, உக்காந்தே வேலை, இன்னும் தெரியாதது எவ்வளவோ. தேடறதுக்கு மொதல்ல யாருக்கு எங்க வந்துதுன்னு சரியா தெரியணும்ல."

அவள் போய்விட்டாள். பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் முனிராஜ் என் பக்கம் திரும்பினார். "எட்டு வருஷம்னு எப்படி வாயில வந்துது?" என்றார்.

"தெரியல. பஸ் நம்பர் எட்டுல முடிஞ்சுது, பாத்துட்டு வந்தேன்."

அந்த வாரம் வாயெல்லாம் புண். தண்ணீர்கூட எரிந்தது. பக்கத்து வீட்டு செல்வக்கனி மோரில் உப்பில்லாமல் சோறு கரைத்துக் கொண்டு வந்தாள். அவள் தென்காசிப் பக்கம். புருஷன் வார்ப்புக் கம்பெனியில் வேலை. எங்கள் வரிசையில் மூலை வீட்டு ருக்மணி இதே நோயில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தாள். அடுத்து நான். அதனால் வரிசையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. போர் தண்ணீர், கம்பெனிப் புகை, பிராய்லர் கோழி, செல்போன் டவர்.

"எதுன்னுதான் தெரியலியேக்கா," என்றாள் செல்வக்கனி. "தண்ணிங்காவ, புகைங்காவ. ஆளாளுக்குப் பேசுதாவ. யாராச்சும் ஒருத்தர் இந்தத் தெருவுக்கு வந்து, ஏம்மா உனக்கு எப்ப வந்துச்சு, நீ எங்க இருக்கன்னு கேட்டாவளா?"

"யாரு கேக்கறாங்க," என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. ஒருத்தி கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து அதைத்தான் கேட்டாள். நான் பொம்மனஹள்ளி என்றேன். ருக்மணியும் பெங்களூரில்தான் பார்த்தாள், அவளும் தன் மச்சான் வீட்டு முகவரியைத்தான் கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். இந்த வரிசையில் இரண்டு பேருக்கு வந்தது. தாளில் ஒருத்திகூட இல்லை.

கம்பெனியில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் கழித்துத் தள்ளிய பீஸ்களைச் சிவப்பு டப்பாவில் போட்டு, எந்த மெஷினில் வந்தது, எந்த ஷிஃப்டு என்று டேக் எழுதிக் கட்டுவோம். ஒரு தடவை அவசரத்தில் இரண்டு ட்ரே கலந்துபோய், நான்காம் மெஷினின் பீஸ்களுக்கு ஏழு என்று டேக் கட்டிவிட்டேன். மெயின்டெனன்ஸ் ஆட்கள் ஏழாம் மெஷினைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான்காம் மெஷின் கெட்ட பீஸாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. எனக்கு மெமோ கொடுத்த சூப்பர்வைசர் கத்தவில்லை. "பச்சையம்மா, பீஸைத் தப்பாத் தள்ளினாகூட ஒரு பீஸ்தான் போச்சு. டேக் தப்பா போட்டா மெஷினே போச்சு," என்றார்.

எங்கள் தெருவில் தண்ணீரோ புகையோ ஏதோ இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இல்லை என்று சொல்வதற்கும் டேக் சரியாக இருக்க வேண்டும்.

முனிராஜிடம் சொன்னேன். "கணக்கெல்லாம் அப்பறம். மொதல்ல நீ பொழைச்சு வா," என்றார். அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏண்டி, உனக்கு மருந்து தலைக்கு ஏறிடுச்சா? பாதி வைத்தியத்துல போயி பொய் சொன்னேன்னு சொல்லுவியா? நிறுத்திட்டாங்கன்னா? எழுதினது நான்டி. புடிச்சா என்னத்தான் புடிப்பாங்க."

நிறுத்திவிட்டால் என்ன செய்வேன் என்பது எனக்கும் தெரியாது. என் பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அவன் முடிக்கிற வரைக்குமாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான்.

மூன்றாவது தடவை ரத்தம் கொடுத்தபோது வெள்ளை அணு குறைவு என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். வெள்ளை அணு என்பது கிருமிகளோடு சண்டை போடும் அணு. அது குறைந்திருக்கும்போது மருந்து ஏற்றினால் சின்னக் காய்ச்சல்கூட ஆளைச் சாய்த்துவிடும். டாக்டர் இதைச் சொல்லியும், பொய் சொன்னதற்குத்தான் தள்ளிப் போட்டார்கள் என்று ஒரு வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அணு சரியாக இருந்தது. மறுநாள் மருந்துக்குப் போனபோது வராந்தாவில் ரூபா எதிரே வந்தாள். முனிராஜ் என் முழங்கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன்.

"மேடம், நான் பொம்மனஹள்ளி இல்லைங்க. ஓசூரு. பதினாறு வருஷமா ஓசூருதான். அது எங்க அக்கா வீடு."

அவள் தாள்களைப் புரட்டி என் பெயரைத் தேடினாள். ஒரு கோடு கிழித்தாள்.

"நா எழுதிக்கிட்டேன். ஆனா உங்க ஃபைல்லயும் மாத்தணும். கவுன்டர்ல ஆதார் குடுத்துச் சொல்லுங்க."

"மருந்த நிறுத்திடுவாங்களா?"

"நா டாக்டர் இல்லம்மா. எனக்கு அது தெரியாது." பொய்யாகத் தைரியம் சொல்லாமல் விட்டதற்காக அவள்மேல் அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒருவர் நான் சொன்னதைக் கேட்டார், ஆதாரைப் பார்த்தார், ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "உக்காருங்க, கூப்பிடறோம்."

ஃபைல் இல்லாமல் ஊசி போட மாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் இருந்த டோக்கன் போனது. என் டோக்கன் வந்தது, எழுந்து போய்ச் சொன்னேன், ஃபைல் வரட்டும் என்றார்கள். எனக்குப் பின்னால் இருந்த டோக்கன்கள் ஒவ்வொன்றாகப் போயின. மணி பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. முனிராஜ் பிளாஸ்க் மூடியைத் திறந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அவரே குடித்தார். குடித்துவிட்டு, "நிறுத்தினா நிறுத்தட்டும். சேலம் இருக்குது, தருமபுரி இருக்குது. வேன வித்தாவது காட்டறேன்," என்றார்.

"வேன் உன்னுது இல்லையே. முதலாளியுது."

"அதான் தைரியமா சொல்றேன்."

ஒன்றரை மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் ஃபைலை மேஜையில் வைத்தார்.

"இதுக்கு எதுக்குமா பொய்? வைத்தியத்துக்கு யாரு இங்க ஊர் பாக்கறாங்க?"

"திருப்பி அனுப்பிருவாங்கன்னு..."

"தூரத்துலருந்து வர்றவங்களுக்குத் தனி சீட்டு உண்டு. காலைல ரத்தம், அன்னைக்கே மருந்து. லோக்கல்னு எழுதிட்டு நீங்கதான் ரெண்டு ரெண்டு நாளா அலைஞ்சிருக்கீங்க."

ஃபைலின் மேல் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் என் பெயர், அதற்குக் கீழே ஓசூர். மருந்து அறைக்கு நடக்கும்போது முனிராஜ் சொன்னார்: "உங்கக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்கணும். வாந்தி எடுத்த பஸ்ஸையெல்லாம் கணக்குப் போட்டு." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சொட்டு ஏறும்போது ரூபா எட்டிப் பார்த்தாள்.

"எங்க லிஸ்ட்ல இருந்து உங்கள எடுத்தாச்சு. உங்க ஊர்க் கணக்குல சேர்க்கச் சொல்லி அனுப்பறோம்."

"அவங்க எழுதுவாங்களா?"

"அனுப்பறது எங்க வேலை. அனுப்பிடுவோம்."

அதற்குப் பிறகு மூன்று கீமோ. ஒரே நாளில் ரத்தமும் மருந்தும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து நாளாக மூன்று வாரம் ரேடியேஷன் கதிர் வைத்தார்கள். ஊசியும் கிடையாது, வலியும் கிடையாது. ஆடாமல் படுத்திருந்தால் போதும், தோல் மட்டும் வெயிலில் கருகின மாதிரி ஆகும். பயப்படுகிறவர்களுக்கு ஆடாமல் படுப்பதுதான் கஷ்டம். மேலே இருந்த விளக்கின் விளிம்பைக் கண்ணால் தடவிக்கொண்டே படுத்திருப்பேன்.

போன வாரம் செல்வக்கனி வந்தாள். மோர்ச் சோறு இல்லை, வெறும் கை. வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. நீங்க தொட்டுப் பாக்கியளா?"

தொட்டுப் பார்த்தேன். என் விரல் சொன்னது. ஆனால் என் விரல் டாக்டர் இல்லை. ஊசி வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்று அவளிடம் சொன்னேன். என்னை மாதிரி ஐந்து மாதம் ஒளிக்காமல் ஐந்தாம் நாளே வந்துவிட்டாள், அது போதும் என்றும் சொன்னேன். நாளைக்கே பெங்களூர் போகிறோம் என்றாள். பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினாள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் கொழுந்தன் ரூம் முகவரி.

சீட்டை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் எங்கள் வரிசையின் பெயர், அவள் வீட்டு நம்பர், ஓசூர், பின்கோடு எல்லாவற்றையும் எழுதினேன். முன்பக்கத்தைப் பேனாவால் அடித்தேன்.

"இது நல்லதா கெட்டதான்னே தெரியல. அதுக்குள்ள அட்ரஸாக்கா?"

"எதுவா இருந்தாலும் சரி, இங்கதான வந்துது," என்றேன். "கேட்டா இதக் காட்டு. எத்தனை வருஷம்னு கேட்டா சரியா சொல்லு."

அவள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.